தொலைதூரப் பழங்குடிக் கிராமத்தில் ஆசிரியர் வேலை: குடும்பத்தோடு போனவர்கள் எழுதுங்கள்

மிலிங்கிம்பி ஆசிரியை:

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவி மக்களோடு போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாகப் போகலாம். முதலை, புழுக்கம், தனிமை என்று ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். முதலை உண்மைதான், கடலோரமோ ஓடையோ, தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. டார்வினிலிருந்து சரக்குப் படகில் வந்து சேரும் காய்கறியின் விலையும் தலைசுற்ற வைக்கும். இதெல்லாம் பழகிவிடும். சிரத்தையாகக் கற்க வேண்டியது உறவுமுறை.

நான் வேலை பார்த்த மிலிங்கிம்பி, ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் (Northern Territory) ஆர்னம் லேண்ட் என்ற பழங்குடிப் பகுதியின் கரையோரத் தீவு. அங்கே வாழும் யோல்ஙு மக்களுக்கு உலகமே துவா, யிரிட்ஜா என்று இரண்டு பாதி. மனிதர்கள் மட்டுமல்ல, நிலம், காற்று, மீன், மரம் எல்லாமே ஏதாவது ஒரு பாதியில் அடங்கும். சுறா துவா, முதலை யிரிட்ஜா. கல்யாணம் எதிர்ப் பாதியில்தான். பிள்ளைகள் தகப்பன் பக்கம். இந்தக் கணக்கில் இடமில்லாத ஆளோடு எந்த முறையில் பழகுவது? அதனால் அங்கே தங்கி வேலை பார்க்கிறவர்களை ஏதாவது ஒரு குடும்பம் சேர்த்துக்கொள்வது வழக்கம். என் வகுப்பின் உதவி ஆசிரியை என்னைத் தங்கையாக்கிக்கொண்டார். அன்றைக்கே ஊரில் எல்லோரும் எனக்கு ஏதோ ஒரு முறை ஆகிவிட்டார்கள். என் கணவர் எதிர்ப் பாதி, பிள்ளைகள் அவரோடு.

உடன் வேலை பார்த்த மெல்பர்ன்காரர் இதையெல்லாம் படமாக வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். நமக்குப் படம் எதற்கு? அப்பாவின் அண்ணன் தம்பிகள் அப்பா, அம்மாவின் அக்கா தங்கைகள் அம்மா, தாய்மாமன் தனி வகை. நம் வீட்டுக் கணக்குதான். ஒன்றே ஒன்று இடிக்கும்: ஆணுக்கு மாமன் மகள் முறைப்பெண், அத்தை மகள் ஆகாது. என் கணவர் கட்டிக்கொண்டது அத்தை மகளைத்தான். அக்காவிடம் இதைச் சொன்னபோது, என்ன செய்வது, நடந்தது நடந்துவிட்டது என்பது போல அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. வயது வந்த அண்ணன் தங்கையும் அப்படித்தான். பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை அக்காதான் தீர்மானிப்பார். வாசலில் நின்றபடி விரலால் இரண்டு சைகை. ஒரு பையன் எழுந்து ஜன்னலோரம் போவான், ஒரு பெண் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள், அறை அமைதியாகிவிடும். யோல்ஙு மக்களின் கைச்சைகை ஒரு முழு மொழி. நடுக்காதில் சீழ் வைத்து வைத்துக் காது மந்தமான பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பதால் அது கூடுதல் வரம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியரால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை. நாங்கள் மைக், ஒலிபெருக்கி வைத்துத்தான் பாடம் நடத்தினோம்.

வடக்குப் பிரதேசத்தில் 1973-லேயே இருமொழிக் கல்வி தொடங்கியது. முதலில் தாய்மொழியில் எழுத்து, பிறகு ஆங்கிலம். 2008-ல் பிரதேச அரசு, பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம்தான் என்று அறிவித்தது. பிள்ளைகளின் மூளை தெளிவாக இருக்கும் காலை நேரம் முழுவதையும் வீட்டில் பேசாத மொழிக்குத் தாரை வார்த்ததை மடத்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று, சாவு. இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது. அதே பெயருள்ள பிள்ளையைக் கொஞ்ச காலத்துக்கு வேறு பெயரால் அழைப்பார்கள். வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். இறுதிச் சடங்குகள் வாரக்கணக்கில் நடக்கும். அப்போது பள்ளி வெறிச்சோடும். தூரத்தில் உட்கார்ந்து வருகைச் சதவீதம் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் எழுதுவது என்பது தனித் தலைவலி.

சமையலுக்கு ஒரு நல்ல செய்தி: தீவில் புளிய மரங்கள் இருக்கின்றன. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து கடல் அட்டை பிடிக்க ஆண்டுதோறும் வந்துபோனவர்கள் கொண்டுவந்தவை. 1907-ல் அந்தப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது, மரங்கள் நின்றுவிட்டன. புளிக்காக நான் டார்வினுக்குச் சொல்லியனுப்பியதே இல்லை.

பாலைவனத்து வாத்தியார்:

மேலே எழுதிய சகோதரிக்குக் கடல், எங்களுக்குச் செம்மண். தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலை, பிட்ஜன்ட்ஜாரா மக்களின் நிலம். 1981-ன் சட்டப்படி அது அவர்களுக்கே சொந்தம். வெளியாள் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் நுழைய வேண்டும். அங்கே எர்னபெல்லா என்ற ஊரில் 1940-ல் பள்ளி தொடங்கியபோதே பிட்ஜன்ட்ஜாரா மொழியில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

என் மனைவி சுத்த சைவம். பள்ளிப் பிள்ளைகளைப் பாட்டிமார் காட்டுக்கு அழைத்துப்போன நாளில் அவளும் வந்தாள். கங்காரு வாலைத் தீயில் பொசுக்கி, முடியைச் சுரண்டி, கங்கிலும் சாம்பலிலும் புதைத்தார்கள். அவள் வேண்டாம் என்றதும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டி கடப்பாரையோடு முல்கா மரத்தடிக்குப் போய், இடுப்பளவு குழி தோண்டித் தேன் எறும்புகளை எடுத்துவந்தார். தலையும் காலும் சாதாரண எறும்புதான். வயிறு மட்டும் திராட்சை போல உப்பி, உள்ளே தேன் பளபளத்தது. உயிரோடு அசைந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சச் சொன்னார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். பிறகு அந்த எறும்பைப் பத்திரமாக மண்ணில் விட்டதைப் பார்த்துப் பாட்டிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சைவத்தில் இது சேருமா என்று இங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வீட்டில் விவாதம் இன்னும் முடியவில்லை.

கேள்வி கேட்ட தம்பி:

இருவருக்கும் நன்றி. உறவாகிவிட்டால் பணம், வண்டி என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாமே?

மிலிங்கிம்பி ஆசிரியை:

கேட்பார்கள். உறவென்றால் கேட்பதும் கொடுப்பதும்தான். ‘இன்றைக்கு இல்லை’ என்று முகத்தைச் சுளிக்காமல் சொன்னால் போதும், நாளைக்கு மனத்தாங்கல் இருக்காது. நீங்களும் கேட்க வேண்டும்; கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறவரை யாரும் உறவாக நினைப்பதில்லை. அக்காவின் மகன் எங்கள் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துப்போவான். மீன் பிடித்துவந்தால் முதல் பங்கு எங்கள் வாசற்படியில் இருக்கும், சில நாள் செதில்கூட உரிக்காமல்.

இங்கேயும் பழங்குடி நிலத்துக்குள் போக அனுமதி வேண்டும். அதற்கு வடக்கு நிலக் கவுன்சிலில் (Northern Land Council) விண்ணப்பிக்கும்போது மனைவி, பிள்ளைகள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். எந்த ஊர் என்று எழுதினால், அங்கே எந்த மொழி, பள்ளியில் இருமொழி வகுப்பு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள்.