மூச்சுக்குழாய்க் காசநோய்க்கு ஸ்டீராய்டும் சேர்த்துத் தரலாமா?

கேள்வி:
என் தங்கையின் தீராத இருமலும் இளைப்பும் ஆஸ்துமா என்றே வெகுநாள் கருதப்பட்டன. பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியை விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்த பிறகுதான் இடப்பக்க மூச்சுக்குழாயில் காசநோய் என்று தெரிந்தது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் ஆகிய நான்கும் தொடங்கியாயிற்று. கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைத் தொற்றுநோய்க்கு எப்படித் தரலாம் என்று வீட்டில் அனைவரும் கலங்கிப்போயிருக்கிறோம்.

பதில் (நுரையீரல் மருத்துவர்):
உங்கள் கலக்கம் நியாயமானதே. கிருமியைக் கொல்பவை அந்த நான்கு மருந்துகள்தாம். ஸ்டீராய்டு குழாயின் உட்சுவர் வீக்கத்தைத் தணிக்கிறது. அதனால்தான் அதைத் தனியாகத் தருவதில்லை. அந்த நான்கு மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்ற பரிசோதனையும் முக்கியம். மூளை உறைக் காசநோயில் ஸ்டீராய்டு உயிரிழப்பைக் குறைப்பதால் அங்கே அது வழக்கமான சிகிச்சை. மூச்சுக்குழாயைப் பொறுத்தவரை சான்றுகள் அத்தனை உறுதியானவை அல்ல. நிணநீர்க் கட்டி குழாயை வெளியிலிருந்து நெருக்கும் குழந்தைகளுக்குப் பலன் உண்டு. பெரியவர்களுக்கு, சிவந்து வீங்கியிருக்கும் தொடக்க நிலையில் தந்தால் உதவக்கூடும் என்றே பலர் தருகிறோம். தழும்பாகி இறுகிவிட்ட குழாயை எந்த ஸ்டீராய்டும் விரிக்காது; பலூன் கொண்டு விரிக்க வேண்டிவரலாம். பிராங்கோஸ்கோபி அறிக்கையில் எந்த நிலை என்று எழுதியிருக்கிறது?

பதில் (மருந்தாளுநர்):
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிப் பிரெட்னிசோலோனை விரைவில் சிதைத்துவிடுவதால், இரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். மருத்துவர் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு எழுதியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். சர்க்கரை அளவைப் பாருங்கள். உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அறிக்கையில் வீக்கமும் சிவப்பும், வெண்மையான படிவும் குறிப்பிடப்பட்டுள்ளன. தழும்பு என்று எதுவும் இல்லை. அப்படியானால் குழாயில் சுருக்கம் வராது என்று நம்பலாமா?

பதில் (நுரையீரல் மருத்துவர்):
தொடக்கத்திலேயே கண்டறிந்தது நல்லது. ஆயினும் மருந்துகளை ஒழுங்காக எடுத்தவர்களிலும் சிலருக்குப் புண் ஆறும்போது குழாய் சுருங்குவதுண்டு. சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் மூச்சு வாங்கினாலோ ஒரே பக்கத்தில் வீசிங் சத்தம் கேட்டாலோ, மறுபடி பிராங்கோஸ்கோபி தேவையா என்று உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.