அம்மாவின் லிவிங் வில்: சாட்சிக் கையெழுத்து யார் போடுவது?

மாட்டுங்கா மீனா

இங்கே மும்பையில் என் அம்மாவுக்கு 79 வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. அப்பா கடைசியில் ஐசியுவில் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து, "எனக்கு அந்தக் குழாயெல்லாம் வேண்டாம், இப்பவே எழுதி வாங்கிக்கோ" என்று என்னை விடாமல் கேட்கிறாள். பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற பத்திரம்தானே லிவிங் வில்? எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா, மேஜிஸ்ட்ரேட் முன்னால் போய் நிற்க வேண்டும் என்கிறார். அண்ணாவோ (அமெரிக்காவில் இருக்கிறான்) ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வீட்டிலேயே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறான். எது சரி? நானும் என் கணவரும் சாட்சி போடலாமா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். தமிழிலேயே எழுதிவிடலாமா?

செம்பூர் ராமநாதன்

குமாஸ்தா சொல்வது பழைய கதை. 2018 மார்ச் 9 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் வைத்திருந்தது. ஒரு மேஜிஸ்ட்ரேட்டைப் பிடித்து உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா? அதனால் 2023 ஜனவரி 24 அன்று அதே கோர்ட் விதியைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள், அப்புறம் ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி. அவ்வளவுதான். ஆனால் உங்கள் அண்ணா சொல்கிற மாதிரி நோட்டரியே இல்லாமல் முடியாது. சொத்து உயிலுக்கு இரண்டு சாட்சி போதும் என்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். ஸ்டாம்ப் பேப்பரை அந்தத் தீர்ப்பு கேட்கவில்லை. நோட்டரி கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

சாட்சிகள் முடிந்தவரை குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும் என்பது கோர்ட்டின் சொல். சொந்தக்காரர் போட்டால் செல்லாது என்று இல்லை. இருந்தாலும் நீங்களும் மாப்பிள்ளையும் போடாதீர்கள். அம்மாவுக்குப் பேச முடியாமல் போகும்போது அவர் சார்பில் டாக்டரிடம் பேசப்போவது நீங்கள். அந்த இடத்தில்தான் உங்கள் பெயர் வர வேண்டும். சாட்சிக்கு அதே கட்டடத்தில் குடியிருக்கும், அம்மாவைவிட வயது குறைந்த இரண்டு பேரைப் பாருங்கள். என் வாக்கிங் கோஷ்டியில் நாலு பேர் ஆசையாக முன்வந்தார்கள். எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள்! டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் நோட்டரி முன்னால் இருக்க வேண்டும். வீட்டில் சாட்சிக் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போய் முத்திரை மட்டும் குத்திக்கொண்டு வருகிற வழக்கம் இங்கே உண்டு. அதைச் செய்யாதீர்கள். "இவர் புரிந்துகொண்டு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறார் என்று திருப்தி அடைந்தேன்" என்கிற பொருளில் நோட்டரியும் சாட்சிகளும் எழுத வேண்டும். அந்த வரிதான் முத்திரையைவிட முக்கியம். நான் போன நோட்டரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஃபிளாட் யாருக்கு என்று எழுதவே இல்லையே?" என்று கேட்டார். ஆகவே என்ன பத்திரம் என்று முதலிலேயே போனில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சயான் அனு

நான் ஐசியு நர்ஸ். மொழி பற்றி மட்டும் சொல்கிறேன் மீனா அக்கா. தமிழில் எழுதக்கூடாது என்று தடை இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கிற மராத்தி டாக்டர் அதை எப்படிப் படிப்பார்? ஆங்கிலத்தில் எழுதுங்கள். அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்லப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்து, படித்துச் சொன்னவரும் கையெழுத்துப் போடட்டும். தமிழ் தெரிந்த சாட்சி கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மா தமிழிலேயே கையெழுத்துப் போடலாம்.

"குழாய் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். சாதாரண நிமோனியாவுக்கு இரண்டு நாள் வென்டிலேட்டர் வைத்து வீட்டுக்கு நடந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த நிலைமையில் வேண்டாம், வென்டிலேட்டரா, டயாலிசிஸா, இதயம் நின்றால் மார்பை அழுத்துவதா என்று தனித்தனியாக வர வேண்டும். வலிக்கு மருந்து கட்டாயம் வேண்டும் என்பதையும் சேருங்கள்.

பத்திரத்தைக் காட்டியதும் யாரும் மெஷினை நிறுத்திவிட மாட்டார்கள். முதலில் ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு பார்க்கும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரும் இருக்கிற இரண்டாவது குழு. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதைச் செயல்படுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி மேஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் கொடுக்கும். மேஜிஸ்ட்ரேட் வருவது இந்த இடத்தில்தான்.

மாட்டுங்கா மீனா

ரொம்ப நன்றி இருவருக்கும். டாக்டரிடம் பேசுகிறவர்களாக அண்ணாவின் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே போடலாமா? அம்மாவால் மாடி இறங்க முடியாது, நோட்டரி வீட்டுக்கு வருவாரா?

செம்பூர் ராமநாதன்

2023க்குப் பிறகு ஒருவருக்கு மேற்பட்டவர்களைப் போடலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற உங்கள் பெயர் முதலில் வரட்டும். உங்கள் அண்ணா கோபித்துக்கொண்டால் நான் பேசுகிறேன். நோட்டரிகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள், கூடுதலாகக் கேட்பார்கள். ரிஜிஸ்டரையும் கொண்டுவரச் சொல்லுங்கள், அம்மா அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி அம்மாவிடம் தனியாக இரண்டு கேள்வி கேட்கட்டும், நீங்கள் அடுப்படியில் இருங்கள்.

முலுண்ட் வாசு

ஒன்று விட்டுப்போச்சு. ஒரு நகலை உள்ளாட்சி அதிகாரியிடம் கொடுத்து வைக்க வேண்டும். மும்பையில் மாநகராட்சி வார்டு அளவில் சுகாதார அதிகாரிகளை இதற்கென்று நியமித்திருக்கிறது. மும்பை மகப்பேறு மருத்துவர் நிகில் தாதார் ஹைகோர்ட் வரை போய்ப் போராடிய விஷயம் இது. மாட்டுங்காவுக்கு எஃப் நார்த் வார்டு ஆபீஸ். இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு நகல் குடும்ப டாக்டருக்கு. அசலை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டாதீர்கள், வீட்டில் நீங்கள் வைத்திருக்கிற அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலிலேயே இருக்கட்டும்.

அம்மா மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். புதிதாக எழுதினால் பழையதை ரத்து செய்வதாக முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். வார்டு ஆபீசிலும் அதைக் கொடுக்க வேண்டும்.