பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்

அண்ணி: தம்பி, பரண் சுத்தம் செய்தேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் அங்கேயே கிடக்கிறது. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம் (மெமரி). பழைய சாமான்காரரிடம் போட்டுவிடட்டுமா?

நான்: போடாதீங்க அண்ணி. பாப்பாவுக்குக் கொடுங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளை கற்றுக்கொள்ள அது தாராளம்.

பெரியண்ணா: என்னடா சொல்கிறாய்? 2011-இல் வாங்கியது. யூடியூப்பே திக்கித் திக்கித்தான் ஓடும்.

நான்: வீடியோ பார்க்கத்தான் போன் இருக்கிறதே அண்ணா. தட்டச்சு, படம் வரைவது, பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுவது இதற்கெல்லாம் அவ்வளவு வேகம் வேண்டாம். 1982-இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மெமரி மொத்தமே 64 கேபி. அதில் பேசிக் மொழியில் புரோகிராம் எழுதிப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர் புரோகிராமர் ஆனார்கள். நம் பரணில் இருப்பதில் அதைப்போல் 32,768 மடங்கு இருக்கிறது.

அக்கா: சரி, வைரஸ் வராதா?

நான்: வரும் அக்கா. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அது இருக்கும்வரை நெட்டில் இணைக்கவே வேண்டாம். பழைய போட்டோக்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன். 2 ஜிபியில் ஓடும், 4 இருந்தால் மூச்சு வாங்காது. படம் வரைய டக்ஸ் பெயின்ட், தட்டச்சு பழக டக்ஸ் டைப்பிங், விளையாடிக்கொண்டே படிக்க ஜிகாம்பிரிஸ் எல்லாம் இலவசம், நெட் இல்லாமலே வேலை செய்யும்.

நான்: அப்புறம் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைப் பழகட்டும். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அம்மா’. புள்ளி தானாக விழும். போனில் கட்டைவிரலால் தட்டும் பிள்ளைக்குப் பத்து விரலும் பழகும்.

பெரியண்ணா: பள்ளியில் புது மென்பொருள் கேட்டால்?

நான்: அதற்கு இது போதாது அண்ணா. வீடியோ எடிட்டிங், ஆன்லைன் வகுப்பு எல்லாம் தடுமாறும். ஆனால் புது லேப்டாப்பைக் கழற்றிப் பார்க்க நாம் விடுவோமா? இதை விடலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அண்ணி: தம்பி, ஆன் செய்தால் பீப் பீப் என்கிறது. திரையில் ஒன்றும் வரவில்லை.

நான்: ராமாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கணும். திரும்ப வைத்து ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தணும். பாப்பாவே செய்யட்டும், நீங்க பக்கத்தில் இருங்க.

அண்ணி: வந்துவிட்டது!! கை முழுக்கத் தூசி, முகமெல்லாம் சிரிப்பு. தேதி மட்டும் 2011 காட்டுகிறது. ஏன் என்று கேட்கிறாள்.

நான்: போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தீர்ந்துவிட்டது. மாற்றியே ஆகணும். தேதி தப்பானால் பல வெப்சைட் திறக்காது.

அக்கா: எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன்.

அண்ணி: ராம் வைக்க இரண்டு இடம் இருக்கிறதாம், ஒன்று காலியாம். இன்னொன்று வாங்கலாமா என்று கேட்கிறாள்.

நான்: இருக்கிற ராமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டிடிஆர்3 என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்க, அது ராமின் வகை. போட்டோ எடுத்து இந்தக் குரூப்பில் போடுங்க.