குன்னூரில் ஒரு நாள்: அம்மாவுக்கு ஏற்ற இடம் எது?

கேள்வி (திருப்பூர்):
ஊட்டிக்குப் பலமுறை போயாச்சு. இந்தத் தடவை குன்னூரில் மட்டும் ஒரு நாள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பதில் (குன்னூர்):
வாங்க, வாங்க. முதலில் சிம்ஸ் பூங்கா. 1874-இல் தொடங்கியது. ஆனால் அது பள்ளத்தில் இறங்கும் பூங்கா. கீழே போனால் ஏறி வரணும். எங்கள் அம்மாவை வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைப்பேன். ருத்திராட்ச மரத்தடியில் விழுந்த நீலக் காய்களைப் பொறுக்கி வந்து கையில் கொடுத்தால் போதும், அரை மணி நேரம் உருட்டிக்கொண்டே இருப்பார்.

டால்பின் நோஸ் காட்சிமுனைக்குக் காலையிலேயே போயிடுங்க. மதியம் மூடுபனி ஏறிவிட்டால் எதிரே கேத்தரின் அருவி இருப்பதே தெரியாது.

பதில் (கோவை):
மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வாங்களேன். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ரயிலில் அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா?

பதில் (குன்னூர்):
மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும், இருக்கையும் நெருக்கம். அம்மாவுக்குக் கார்தான் நல்லது. ரயில் வரும் நேரத்துக்கு எங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டி வாங்க. எஞ்சினைப் பக்கத்திலேயே பார்க்கலாம், அந்தச் சூடு முகத்தில் அடிக்கும். அப்புறம் சூடான டீயும், எங்கள் ஊர் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும். கார் என்றால் நீலகிரிக்குள் வர ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் எடுக்க மறக்காதீங்க.