மகளுக்குப் புழுவெட்டு: மாத்திரை கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. சென்ற ஆடியில் பின்னல் போடும்போது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று சொட்டை தெரிந்தது. இப்போது பாதித் தலை போய்விட்டது, புருவமும் மெலிகிறது.

பெயரில்தான் புழு இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குகிறது, ஆனால் அவை அழிவதில்லை, முடி திரும்பலாம் என்றார் தோல் மருத்துவர். அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வெங்காயச் சாறும் தேய்த்தோம் (சிரிக்காதீர்கள், 2002இல் பாக்தாத் மருத்துவர்களே வெங்காயச் சாற்றைச் சோதித்து ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள்). நான்கு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டும் புதிய இடங்களில் உதிர்கிறது.

அடுத்து ஜேஏகே தடுப்பு மாத்திரை (எதிர்ப்பாற்றலின் இந்தத் தாக்குதலைத் தூண்டும் ஜேஏகே நொதிகளை அடக்குவது) என்கிறார் மருத்துவர். இந்த வகை மாத்திரைகளில், அமெரிக்காவில் பாரிசிட்டினிப் 2022இல் பெரியவர்களுக்கும், ரிட்லெசிட்டினிப் 2023இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் புழுவெட்டுக்காக அனுமதிக்கப்பட்டன. தொற்று வரலாம், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும், நிறுத்தினால் மீண்டும் உதிரலாம். இதுதான் பயம்.

வளரும் பிள்ளைக்கு இதைக் கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மாதத்தில் முடி தெரிந்தது? மாதம் என்ன செலவு? நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று? பள்ளியில் தொப்பிக்கு அனுமதி வாங்கியவர்கள் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? எண்ணெய் விற்பவர்கள் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம்.