புதுப்பிப்பு: மேய்ச்சல் நிலத்துக் கருவேலம், அடிப்பட்டை மருந்து பலித்தது

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் வின்டன் பக்கத்து மாட்டுப் பண்ணையில், வெட்ட வெட்டத் துளிர்க்கும் கருவேலத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, "வெட்டாதீர்கள், அடிப்பட்டையில் அடியுங்கள்" என்ற யோசனைதான். டிரைகுளோபிர், பிக்குளோராம் என்ற களைக்கொல்லிகள் இரண்டும் சேர்ந்த மருந்தை, ஒரு லிட்டர் மருந்துக்கு 60 லிட்டர் டீசல் என்று கலந்து, தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் வரை தண்டைச் சுற்றிலும் நனையும்படி தெளித்தோம். டீசல்தான் மருந்தைப் பட்டைக்குள் கொண்டுபோகிறது. பட்டை காய்ந்திருக்க வேண்டும். ஒட்டிய சேற்றை முதலில் தட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போன மரத்தில் அந்தப் பக்கக் கிளை மட்டும் பச்சையாகவே நின்றது.

பருத்த மரங்களை மட்டும் தரையோடு அறுத்து, 15 விநாடிக்குள் வெட்டுவாயில் அதே கலவையைப் பூசினோம். ஒருவர் அறுக்க, இன்னொருவர் தெளிப்பானோடு பக்கத்திலேயே நிற்பது நல்லது.

எதிர்பாராதது: டீசல் வழிந்த இடங்களில் மாடு மேயும் மிட்செல் புல்லும் வட்டமாகக் கருகியது. மழைக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியருகே சாணத்திலிருந்து புதுக் கருவேலங்கன்றுகள் கூட்டமாக முளைத்தன. நெற்றைத் தின்ற மாடுகள் விதையை முழுதாக வெளியேற்றுகின்றன. நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று நம் நாட்டு மரத்தை இங்கே நட்ட புண்ணியவான்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள்! இப்போது நெற்று உதிரும் காலத்தில் மாடுகளை ஆறு நாட்களாவது பட்டியில் அடைத்துவைத்த பிறகே சுத்தமான வயலுக்கு ஓட்டுகிறோம். விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், மழை முடிந்ததும் கருவேலங்கன்றுகளைத் தேடி மறுபடி ஒரு சுற்று உண்டு.