டாக்டர் ஏன் அதை எழுதவில்லை? ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அனடோலியா’ பார்த்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் இந்த 2011 படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது, பேச ஆள் கிடைக்காமல் இங்கே கேட்கிறேன் (முடிவையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்).

கொலையை ஒப்புக்கொண்டவனைக் காரில் ஏற்றிக்கொண்டு, புதைத்த பிணத்தைத் தேடி போலீஸ், அரசு வக்கீல், டாக்டர் எல்லோரும் ராத்திரி முழுக்க மேடுபள்ளங்களில் அலைகிறார்கள். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது, ஆனால் ஒரு நிமிடத்தைக்கூட வெட்டச் சொல்ல மாட்டேன். எருமைத் தயிரைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டு போவதும், மரத்திலிருந்து விழுந்த ஆப்பிள் சரிவில் உருண்டு ஓடையில் போவதும், கரண்ட் போன வீட்டில் ஊர்த்தலைவரின் மகள் விளக்கோடு டீ கொண்டு வரும்போது அத்தனை ஆண்களும் வாயடைத்துப் போவதும்தான் எனக்கு இந்தப் படம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் மண் இருக்கிறது, அதாவது உயிரோடு புதைத்திருக்கலாம். டாக்டர் அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. கொலையானவனின் மகனை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாரே, அந்தப் பையனுக்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அரசு வக்கீலிடம் அந்த வக்கீலின் மனைவியின் சாவைப் பற்றி உண்மையைத் துருவியெடுத்த அதே ஆள் இங்கே ஏன் மௌனமாகிறார்? உங்களுக்கு என்ன தோன்றியது?

அப்புறம், இப்படிக் குற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு மனிதர்களோடு நிதானமாக உட்காரும் படங்கள், எந்த மொழியானாலும், தெரிந்தால் சொல்லுங்கள். வேகமான துப்பறியும் படங்கள் வேண்டாம்.